மருத்துவர் பதில்: "என் மனசு சரியில்லாததால் மருந்து பலிக்காமல் போய்விடுமா?"

கேள்வி: எனக்கு 54 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஆறில் நான்கு முடிந்துவிட்டது. போன முறை செவிலியர் என் கையில் நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார். "நல்லா தேடுங்கம்மா, போன தடவை இங்கேதான் வச்சிட்டுப் போனேன்" என்றேன். வார்டே சிரித்தது. என் மகள் மட்டும், "உனக்கு எல்லாமே விளையாட்டா?" என்று அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். அக்கா தினமும் எனக்காகப் பிரார்த்தனை செய்கிறாள். "முழு நம்பிக்கை வை, நோய் ஓடிவிடும்" என்கிறாள். எனக்குப் பிரார்த்தனையே வரவில்லை. கண்ணை மூடினால் கடவுள்மேல் கோபம்தான் வருகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அந்த அன்பே சில நாள் பாரமாக இருக்கிறது. அன்றைக்கு முதல் கீமோவுக்கு வந்திருந்த ஒரு பெண் பக்கத்துப் படுக்கையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். என் சால்வையைக் கொடுத்து, என்னென்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்கு நோய் இருப்பதே மறந்துபோனது. மற்ற நேரமெல்லாம் பயம். இரவில் கால் விரல்கள் மரத்து எரிவதால் தூக்கமும் இல்லை, அது கிடக்கட்டும். என் மனம் இப்படி இருப்பதால் மருந்து வேலை செய்யாமல் போய்விடுமா, டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்து நீங்கள் இன்னோர் இரவு விழித்திருக்க வேண்டாம். போகாது. உங்கள் பயமோ கோபமோ மருந்தைத் தடுக்காது. அழுத நாளில் ஏறிய மருந்தும் சிரித்த நாளில் ஏறிய மருந்தும் ரத்தத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

உங்களைத் தேற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. சிகிச்சை தொடங்கும்போது யார் தெம்பாக இருந்தார்கள், யார் மனம் சோர்ந்திருந்தார்கள் என்று குறித்துவைத்து, பிறகு அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. தெம்பாக இருந்தவர்கள் அதிக நாள் வாழவும் இல்லை, சோர்ந்திருந்தவர்கள் சீக்கிரம் போகவும் இல்லை.

நான் நோய்த்தணிப்பு மருத்துவர். பேலியேட்டிவ் கேர் என்று உங்கள் மருத்துவமனையில் சொல்வார்கள். "தைரியமா இருங்க, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்ற பேச்சு எத்தனை பேரை இரவில் அழவைக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்கிறவர் காதில் அது, "நோய் கூடினால் அதற்குக் காரணம் நீதான்" என்று விழுகிறது. நோயைச் சுமக்கிறவர் தலையில் அந்தப் பழியையும் ஏற்றுவது கொடுமை. அதை இன்றே இறக்கி வைத்துவிடுங்கள்.

அப்படியென்றால் நம்பிக்கை, சிரிப்பு, அன்பு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் மொழியிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. நோய் 'குணமாகிறது' என்கிறோம். புண் 'ஆறுகிறது' என்கிறோம். மனமும் 'ஆறுகிறது' என்கிறோம். ஆறுதல் என்ற சொல்லைத் துக்க வீட்டில் மட்டும் பயன்படுத்திப் பயன்படுத்தி, அதில் புண் ஆறுகிற பொருளும் இருப்பதை மறந்துவிட்டோம். குணமாக்குவது உங்கள் புற்றுநோய் மருத்துவரின் வேலை. அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது நோயின் தன்மையையும் மருந்தையும் பொறுத்தது. ஆறுவது வேறு. அது நோய் முழுக்கக் குணமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதே நடக்கலாம். உங்களுக்கு அந்த அரை மணி நேரம் நடந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில் மருத்துவ உலகத்துக்கும் பங்கு உண்டு. மார்பகப் புற்றுநோய் உடலில் பரவிய 86 பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1989-இல் வந்தது. வாரம் ஒருமுறை கூடி மனம்விட்டுப் பேசிய குழுவினர், மற்றவர்களைவிட சராசரியாக ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே கொண்டாடியது. பிறகு 235 பெண்களை வைத்து அதையே இன்னும் பெரிதாகச் செய்து பார்த்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. அதனால் கூடிப் பேசியது வீண் என்று ஆகிவிடவில்லை. பேசிய பெண்களுக்கு மன வேதனை குறைந்திருந்தது. மற்றவர்களுக்குக் கூடிய அளவுக்கு வலியும் அவர்களுக்குக் கூடவில்லை. ஆரம்பத்தில் ரொம்ப வாடியிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். இவ்வளவு கிடைத்தால் போதாதா? வலி குறைந்த ஒரு ராத்திரி எவ்வளவு பெரிய விஷயம் என்று நோயாளியைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

சரி, உங்கள் கோபத்துக்கு வருவோம்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். அதனால் தயங்காமல் சொல்கிறேன், உங்கள் கோபம் நம்பிக்கையின்மை இல்லை. இல்லாத ஒருவர்மேல் யாரும் கோபப்படுவதில்லை. பல மதங்களின் பழைய பாடல்களை எடுத்துப் பார்த்தால் முறையீடு நிறையவே இருக்கும். "நான் என்ன பிழை செய்தேன்", "ஏன் இன்னும் வரவில்லை", "என்னைக் கைவிட்டுவிட்டாயா" என்று கேட்டவர்களைத்தான் பெரிய பக்தர்கள் என்று கொண்டாடுகிறோம். அவர்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கும் இருக்கிறது. கண்ணை மூடியதும் கோபம் வருகிறதா, அந்தக் கோபத்தையே சொல்லுங்கள். இப்போதைக்கு அதுதான் உங்கள் பிரார்த்தனை. அதுவும் வராத நாளில் சும்மா இருங்கள். உங்கள் அக்கா பிரார்த்திக்கிறார் அல்லவா, அன்றைக்கு அவர் பார்த்துக்கொள்ளட்டும். சமைக்க முடியாத நாளில் அவர் சமைத்தால் சாப்பிடுவீர்கள்தானே.

ஆனால் அக்கா சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஏற்க வேண்டாம். முழு நம்பிக்கை வைத்தால் நோய் ஓடும் என்பது கடவுளோடு போடும் பேரம். பிரார்த்தனையை மருந்துபோல் பரிசோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு அது, 2006-இல் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவர்களில் சிலருக்காகப் பிரார்த்தித்தார்கள். பிரார்த்தனை கிடைத்ததோ இல்லையோ தெரியாமல் இருந்த இரண்டு பிரிவிலும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன, பிரார்த்தனை கிடைத்தவர்களுக்கு 52, கிடைக்காதவர்களுக்கு 51 சதவீதம். தங்களுக்காகப் பிரார்த்தனை நடப்பது உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 59 சதவீதம். ஏன் கொஞ்சம் கூடியது என்பதற்கு ஆய்வாளர்களே தெளிவான காரணம் சொல்லவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு மட்டும் உங்கள் கடிதம் நினைவுக்கு வருகிறது. "எனக்காக இத்தனை பேர் வேண்டுகிறார்கள், நான் தேறியாக வேண்டுமே" என்ற பதைப்பும் ஒரு பாரம்தானே.

இந்த ஆய்வால் என் நம்பிக்கை ஆடவில்லை. கடவுளை அளந்து பார்க்கும் தராசு யாரிடமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நான் பார்த்த நோயாளிகளுக்கு நம்பிக்கை வேறு வேலை செய்தது. அதிகாலை மூன்று மணிக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, பேச ஒருவர் இருக்கிறார் என்ற நிலையை அது கொடுத்தது. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற மருத்துவ இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலியை 'முழு வலி' என்றார். உடம்பு வலி, மன வலி, உறவுகளிலும் வாழ்க்கைச் சூழலிலும் வரும் வலி, 'எனக்கு ஏன் இது' என்று கேட்கும் ஆன்ம வலி எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் என்பது அவர் கருத்து. மாத்திரை அதில் ஓர் இழையை மட்டும்தான் தளர்த்தும். 'எனக்கு ஏன் இது' என்ற அந்தக் கேள்வியோடு நீங்கள் தனியாக மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் மதத்தில், அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். கேட்கத் தெரிந்தவர் என்பது முக்கியம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் காரணம் சொல்ல ஆரம்பிப்பவர் இப்போது வேண்டாம்.

மருத்துவராக ஒரு கண்டிப்பும் உண்டு. வேண்டுதல், விரதம் என்று எதை எடுத்தாலும் சிகிச்சைக் குழுவிடம் முதலில் கேளுங்கள். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஏறக்குறைய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை வெள்ளையணுக்கள் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் பட்டினியும் வேண்டாம், கூட்டமான வழிபாட்டுக்கும் போக வேண்டாம். உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். பிரார்த்தனையை வண்டியில் போகும்போது செய்துகொள்ளலாம்.

இப்போது அந்த நரம்பு விஷயம். படித்ததும் நானும் சிரித்துவிட்டேன். பிறகு உங்கள் மகளை நினைத்து மனம் கனத்தது. நீங்கள் இருவரும் செய்தது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊசி உங்களைப் பயமுறுத்தியது, நீங்கள் ஒரு வார்த்தையால் அதைச் சின்னதாக்கினீர்கள். அவளால் இன்னும் அதைச் சின்னதாக்க முடியவில்லை, அதனால் அழுதாள். நோயைப் பற்றி வேடிக்கை பேசும் உரிமை நோயாளிக்குத்தான் முதலில் வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர நாளாகும். சிரித்ததற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஆனால் அவளைத் தனியாக உட்காரவைத்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயத்தை அப்படியே வச்சிக்க முடியலை, அதான் ஏதாவது சொல்லிடுறேன்" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். நீங்கள் பயப்படுவதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அம்மா எதையும் புரிந்துகொள்ளாமல் விளையாடுகிறாள் என்று நினைத்துத்தான் அவள் உடைந்திருப்பாள்.

சிரிப்பு மருந்து என்று சொல்பவர்கள் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரைக் காட்டுவார்கள். 1964-இல் கடுமையான மூட்டு நோய் வந்து படுத்தவர் அவர். வயிறு குலுங்கப் பத்து நிமிடம் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அது ஒரே ஒருவரின் அனுபவம், அவருக்கு இருந்தது புற்றுநோயும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தை நான் நம்புகிறேன். சேர்ந்து சிரித்த பிறகு மனிதர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2011-இல் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் சிரியுங்கள். வயிற்றுத் தையல் இன்னும் இழுத்தால், ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரியுங்கள். இருமல் வந்தாலும் அப்படியே செய்யுங்கள், தையல்மேல் விழும் பாரம் குறையும்.

ஒரு பழைய கதையை உங்களிடம் சொல்ல வேண்டும். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் வருவார். அவர் வந்தால் அறையே கலகலக்கும். "எப்படி இருக்கீங்க?" என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பதில் வைத்திருப்பார். நான் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டை எழுதி அனுப்பிவிடுவேன். அவர் இறந்த பிறகு அவர் மனைவி வந்தார். கடைசி இரண்டு மாதம் இரவுகளில் துண்டை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தார் என்று சொன்னார். வலியை நான் ஒருமுறைகூடச் சரியாகக் கேட்கவில்லை. அவருடைய வேடிக்கை எனக்கு வசதியாக இருந்தது. அந்தத் தவறு இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து யாராவது என் அறையில் நன்றாகச் சிரிக்கவைத்தால், சிரித்து முடித்ததும் "சரி, வலி எப்படி?" என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

அன்பு பாரமாக இருக்கிறது என்று எழுத உங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! அது நன்றிகெட்டதனம் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் முகம் மலர வேண்டியிருக்கிறது, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்கள் அழுதால் தேற்றவும் வேண்டியிருக்கிறது. அது வேலை. உங்களிடம் இப்போது அதற்கான தெம்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர் சூசன் சில்க் எளிமையாக ஒரு வழி சொன்னார். நடுவில் நோயாளி, அவரைச் சுற்றி ஒரு வட்டத்தில் மிக நெருங்கியவர்கள், அடுத்த வட்டத்தில் மற்றவர்கள் என்று வரைந்துகொள்ள வேண்டும். ஆறுதல் உள்நோக்கிப் போக வேண்டும், புலம்பல் வெளிநோக்கிப் போக வேண்டும். உங்கள் மகள் உங்களிடம் அழலாம், ஆனால் அவள் சாய்ந்துகொள்ள அவளுக்கென்று வெளி வட்டத்தில் ஒருவர் வேண்டும். அக்காவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எதையாவது செய்ய வேண்டும் என்ற அவர் தவிப்புக்கும் அது வழியாகும்.

வருகிறவர்களுக்கு வேலை கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவரிடம், செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வரச் சொல்லுங்கள். பேச முடியாத நாளில், "இன்னைக்குப் பேச முடியலை, சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்று சொல்லிவிடலாம். புரிந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள். சளி, இருமல் இருப்பவர் வராமல் இருப்பதும் அன்புதான் என்று மகளைவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஊசி போடும்போது உங்கள் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று சொல்லிப் பரிசோதித்தார்கள், 2006-இல் வெளிவந்தது. தனியாக இருந்தபோது மூளையில் எழுந்த அபாய உணர்வு, கணவர் கையைப் பிடித்தபோது தணிந்தது. அந்நியர் கையைப் பிடித்தபோதும் ஓரளவு தணிந்தது. மகளின் கை நிச்சயம் ஏதாவது செய்யும். அவள் கைக்கும் ஒரு வேலை கிடைக்கும், வெளியே ஓட வேண்டியிருக்காது.

இதையெல்லாம் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமே இல்லாமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய்த்தணிப்புக் குழு உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கடைசிக் காலத்துக்கு மட்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தே அதன் கூடவே வரலாம்.

இனி அந்தச் சால்வை. உங்கள் கடிதத்திலேயே அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்கு மாதமாக எல்லாரும் உங்களுக்குச் செய்கிறார்கள், நீங்கள் வாங்கிக்கொள்ள மட்டும் செய்கிறீர்கள். அன்று அரை மணி நேரம் நீங்கள் நோயாளியாக இல்லை, வழி தெரிந்த ஒருவராக இருந்தீர்கள். நான்கு கீமோ உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த மருத்துவராலும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க முடியாது. எந்த நாளில் வாய் கசக்கும், எந்த நாளில் எழுந்து நடக்க முடியும், முடி கொட்டும்போது என்ன செய்வது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முடிந்தால் ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, அதையும் ஒரு கடமையாக்கிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவைத்த கால் எரிச்சல். அது கிடக்கக் கூடாது, சகோதரி. சினைப்பைப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான பாக்ளிடாக்செல் கை, கால் நுனியில் உள்ள உணர்வு நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. ஒவ்வொரு தவணையிலும் கூடலாம், சிலருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் நீடிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்ய முடியும். எரிச்சலுக்குத் தனியாக மாத்திரையும் உண்டு. பொத்தான் போடச் சிரமமாக இருக்கிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா, இருட்டில் தடுமாறுகிறீர்களா என்று கவனித்துக்கொள்ளுங்கள். மரத்த காலில் வெந்நீர்ச் சூடு தெரியாது, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

ஐந்தாவது கீமோவுக்குப் போகிற அன்று, செவிலியர் நரம்பைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே, மருத்துவரிடம் முதல் பேச்சாக இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறந்துவிட்டால் மகள் சொல்லட்டும், இந்தப் பதிலை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்